வில்லுக்கு என்ன விலை? ஏலம் விடுவோரும் கேட்போரும் அறிய வேண்டியவை

தோட்டத்துக் கோயில் திருவிழா ஏலம் நமக்குப் புதிதல்ல. அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் நூறு வெள்ளிக்குப் போனாலும் யாரும் வியப்பதில்லை. அது பழத்தின் விலையல்ல, காணிக்கை. ஆனால், ஒருவர் பாடுபட்டுச் செய்த பொருளை ஏலம் விடும்போது கணக்கு வேறு.

கையால் செய்த வில்லையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மரவில் செய்வோர் கூடும் இடங்களில் இத்தகைய விற்களை ஏலம் விடுவதுண்டு. நம் நாட்டிலும் மரபு வில் பழகுவோர் இருக்கிறார்கள்.

வில் செய்வது எளிதன்று. நல்ல கட்டையைப் பிளந்து மாதக்கணக்கில் உலர வைக்க வேண்டும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே சீராக வளையும் வரை சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். ஓரிடத்தில் அதிகம் சீவிவிட்டால், அந்த இடத்திலேயே முறியும். அத்தனை நாள் உழைப்பும் விறகாகிவிடும்.

ஆகவே, விற்பவர் முதலில் தம் கூலியைக் கணக்கிட வேண்டும். ஓர் உதாரணம்: மரம், நாண், பசை முதலியவற்றுக்கு 150 வெள்ளி. 30 மணி நேர வேலைக்கு, மணிக்கு 15 வெள்ளி வீதம் 450 வெள்ளி. ஆக மொத்தம் 600 வெள்ளி. ஏலத்தை 400 வெள்ளியில் தொடங்கலாம். ஆனால், 600-க்குக் கீழே கொடுப்பதில்லை என்றால், 'குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு' என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். எத்தனை வெள்ளி கூட்டிக் கூட்டிக் கேட்பது என்பதையும் சொல்லிவிட்டால் சச்சரவு வராது.

வில்லின் குறையையும் மறைக்கக் கூடாது. நாணை 28 அங்குலம் இழுத்தால் எத்தனை ராத்தல், என்ன மரம், முடிச்சோ கீறலோ உண்டா என்பதையெல்லாம் சொல்வதே நாணயம்.

கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு. வில்லைத் தொடுமுன் அனுமதி கேளுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடையக்கூடும். மலிவாக வாங்குவதற்காகப் பலர் காதுபடப் பழிக்காதீர்கள். நண்பர்கள் கூடிப் பேசி விலையை அமுக்குவது செய்தவர் வயிற்றில் அடிப்பதாகும்.

மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சுத்தி விழும் வரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்ததும் விற்பனை முடிந்தது. விற்பவர் தமக்கும் கேட்கும் உரிமை உண்டென முன்பே அறிவிக்காமல், தாமே கேட்பதோ ஆள் வைத்துக் கேட்க வைப்பதோ கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு வரை போகலாம் என்பதை வீட்டிலேயே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டத்தில் ரோஷம் வரும். பத்துப் பத்தாக ஏறும் தொகை சிறிதாகத் தோன்றும். ஆனால், அது சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். கேட்டுவிட்டுப் பணம் கட்டாதவரால், கடைசி வரை கேட்ட இன்னொருவரும் ஏமாறுகிறார். வில் செய்தவரும் ஏமாறுகிறார்.

விட்டுக்கொடுத்து வெறுங்கையோடு திரும்புவது அவமானமல்ல. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் நிற்பதுதான் அவமானம்.