தோற்றாலும் ஆட்டம் உண்டு

ஆழ்வார்திருநகரியில் நாம் அறிந்த ஒரு கத்தோலிக்க இல்லத்தின் முன்கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்திற்கு அருகே, பத்து வயதுப் பேரனின் புகைப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. தலையில் கவசம், முகத்திற்குக் கம்பிவலை, உடலெங்கும் பஞ்சுக் காப்பு, கையில் நீண்ட மட்டை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வளரும் அச்சிறுவன், பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கியில் சேர்ந்திருக்கிறான். "வாரந்தோறும் ஆட்டம் உண்டாம்; தோற்றாலும் அடுத்த வாரம் உண்டாம்" என்று பாட்டியம்மாள் வியப்போடு கூறினார். அதே வீட்டில் வளரும் மற்றொரு பேரன் பள்ளிக்கூட ஹாக்கிக் குழுவில் ஆடுகிறான். அவனுடைய குழு குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. அத்தோடு அவனுக்கு அவ்வாண்டின் ஹாக்கி முடிந்துவிட்டது.

இரண்டு பேரப்பிள்ளைகளுக்குமிடையே உள்ள வேறுபாடு பனியும் மண்ணும் மட்டுமன்று. பிள்ளைகளின் விளையாட்டை ஒரு நாடு எவ்வாறு அமைத்து நடத்துகிறது என்பதே உண்மையான வேறுபாடு.

நம் ஏற்பாட்டை முதலில் நோக்குவோம். பங்கு, மறைவட்டம், மறைமாவட்டம் என்னும் படிகளை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். பள்ளிப் பிள்ளைகள் 14, 17, 19 வயதிற்குட்பட்டோர் எனப் பிரிக்கப்படுகின்றனர். குறுவட்டத்தில் வென்ற குழு வருவாய் மாவட்டத்திற்கும், அங்கே வென்றது மேலே மாநிலப் போட்டிக்கும் செல்லும். மாநிலங்களுக்கிடையே நடைபெறும் பள்ளிப் போட்டிகளை 1954இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்துகிறது. பள்ளிக்கு வெளியே மற்றோர் ஏணியும் உண்டு. 2009இல் அமைந்த ஹாக்கி இந்தியா என்னும் தலைமைச் சங்கத்தின் கீழ் மாநிலச் சங்கங்களும், அவற்றின் கீழ் மாவட்டச் சங்கங்களும் இயங்குகின்றன. சப் ஜூனியர், ஜூனியர் என இளையோருக்குத் தனித்தனியே தேசியப் போட்டிகள் உள்ளன. 2025 முதல் இப்போட்டிகளில் மாநிலங்கள் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டு, சிறந்தவை மேற்பிரிவிற்கு ஏறவும், தளர்ந்தவை கீழிறங்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. பெண்பிள்ளைகளுக்கு 'கேலோ இந்தியா' திட்டத்தின் வாயிலாக 2021இல் 21 வயதிற்குட்பட்டோர் லீகும், அடுத்த ஆண்டு 16 வயதிற்குட்பட்டோர் லீகும் தொடங்கப்பெற்றன. நம் தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏணியில் ஏறி உச்சியைத் தொட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே உளர். ஆழ்வார்திருநகரியிலிருந்து திருச்செந்தூர் வண்டியில் நெல்லைக்குச் சென்று, அங்கிருந்து மதுரை மார்க்கத்தில் ஏறினால் கோவில்பட்டி வந்துவிடும். நம் ஆற்றங்கரையில் வாழையும் நெல்லும் விளையாத வெற்றிடம் காண்பது அரிது. அங்கோ கரிசல் பூமி, திறந்த வெளி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற அவ்வூர் ஹாக்கிக்கும் பெயர் பெற்றது. சுற்றுக் கிராமங்களிலும் ஹாக்கிக் கழகங்கள் உள்ளன. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்குப் பெரிய குழுக்கள் வரும்போது, மட்டையைக் கையால் தொடாதவரும் மாடத்தில் அமர்ந்து ஆட்டத்தின் நுணுக்கங்களை விவாதிப்பர். கிருஷ்ணா நகரில் செயற்கை இழைத் தளம் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் உண்டு. அங்கே பயின்ற இருவர், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வமும், 2022இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவிற்காக ஆடினர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோலடித்தார். இந்தியா வெண்கலம் வென்றது.

இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் ஏணியைக் கீழிருந்து பார்ப்பவனுக்கு வேறொரு காட்சி தெரிகிறது. எட்டுக் குழுக்கள் வெளியேற்றுமுறைப் போட்டியில் ஆடினால் மொத்தம் ஏழே ஆட்டங்கள். நான்கு குழுக்கள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். அதே எட்டுக் குழுக்கள் லீக் முறையில், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஆடினால், 28 ஆட்டங்கள் நடைபெறும். கடைசி இடத்திலுள்ள குழுவும் ஏழு முறை களமிறங்கும். தளர்ந்த பிள்ளைக்கே பயிற்சி மிகுதியாக வேண்டும்; வெளியேற்றுமுறையோ அவனையே முதலில் வீட்டிற்கு அனுப்புகிறது. நாளும் நடுவரும் பேருந்துச் செலவும் குறைவு என்பதால் பள்ளிகள் இம்முறையைக் கைக்கொள்கின்றன. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே பள்ளி முழுவதையும் கவனிக்கும் நிலையில் அவரைக் குறைகூறுவதற்கில்லை.

கனடாவில் நிலைமை எப்படி? அங்கும் படிகள் உள்ளன. தேசியச் சங்கத்தின் கீழ் மாகாணச் சங்கங்கள், அவற்றின் கீழ் ஊர்ச் சங்கங்கள். 1911இல் தோன்றிய டொராண்டோ லீக் உலகிலேயே மிகப் பெரிய சிறுவர் ஹாக்கி அமைப்பாகக் கருதப்படுகிறது. 7, 9, 11, 13, 15, 18 வயதிற்குட்பட்டோர் என அடுக்குகள் உண்டு. மிகச் சிறியவர்களுக்குத் தளத்தைக் குறுக்கே தடுத்துச் சிறு களமாக்கித் தருகின்றனர். 2013இல், 13 வயதிற்குட்பட்டோர் ஆட்டத்தில் உடலால் மோதித் தடுப்பதையும் அச்சங்கம் விலக்கியது. மண்டையில் அடிபட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையே அதற்குக் காரணம்.

நாம் கவனிக்கவேண்டியது அங்குள்ள இரட்டைப் பாதையை. திறமை மிக்கவர்கள் தேர்வு செய்யப்பட்டு வெளியூர்க் குழுக்களோடு ஆடுகின்றனர். தேர்வு பெறாதவர்கள் கைவிடப்படுவதில்லை. அவர்களுக்கு 'ஹவுஸ் லீக்' உண்டு: பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குழு, வாரந்தோறும் ஆட்டம். நம் பாட்டியம்மாளின் பேரன் இந்த வகையைச் சேர்ந்தவனே. எனினும் அந்நாட்டை அப்படியே போற்றிவிட வேண்டாம். உயர்நிலைக் குழுவில் ஒரு பிள்ளையைச் சேர்க்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். ஞாயிறு காலையில் பனித்தளம் கிடைத்தால் திருப்பலி என்னாவது என்னும் கேள்வி அங்குள்ள நம் குடும்பங்களையும் வாட்டுகிறது.

இக்கேள்வியை ஒரு குருவானவரும் எதிர்கொண்டார். டொராண்டோவின் புனித மிக்கேல் கல்லூரிப் பள்ளியில் பணியாற்றிய பசீலியன் சபைக் குரு டேவிட் பவர் அடிகளார், 1961இல் அப்பள்ளியின் குழுவை நாட்டின் இளையோர் சிகரமான மெமோரியல் கோப்பையை வெல்லச் செய்தார். வெற்றி கண்ட பள்ளி, ஆட்டங்களும் பயணங்களும் படிப்பைத் தின்றுவிடுகின்றன என்று கருதி அப்பெரிய லீகிலிருந்து விலகிக்கொண்டது. பின்னர் அடிகளார் மாணவர்களைக் கொண்டே கனடாவின் தேசியக் குழுவை உருவாக்கி, 1964இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கிற்கு அழைத்துச் சென்றார். அங்கே ஸ்வீடன் வீரர் ஒருவரின் முறிந்த மட்டை அடிகளாரின் நெற்றியைக் கிழித்தது. பாய்ந்தெழுந்த தம் பிள்ளைகளை அவர் தடுத்து அமர்த்தினார். மறுநாள் அந்த வீரரையே அழைத்துத் தம் அருகில் அமரவைத்து மற்றோர் ஆட்டத்தைக் கண்டு களித்தார்.

நம் நாட்டிலும் ஐஸ் ஹாக்கி உண்டு என்பது பலருக்குப் புதுமையாயிருக்கும். லடாக்கில் குளங்கள் உறையும் மாதங்களில் சிறுவரும் சிறுமியரும் ஆடுகின்றனர். 1989இல் இந்தியச் சங்கம் உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2025இல் நம் பெண்கள் குழு ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றது. ஆண்டிற்குச் சில வாரங்களே நிலைக்கும் பனியில் ஆடி வென்ற பதக்கம் அது!

நமக்கோ ஆண்டு முழுவதும் நிலம் இருக்கிறது. ஒரு மறைவட்டத்தில் ஆறு பங்குகள் இணைந்தால் போதும். லீக் முறையில் 15 ஆட்டங்கள். ஞாயிறு மாலைகளில் மும்மூன்று ஆட்டங்களாக ஐந்து வாரங்களில் முடித்துவிடலாம். பதினொருவர் கிடைக்காவிடில் ஐவர் ஹாக்கி உண்டு. அதற்குச் சிறு களம் போதும். காலைத் திருப்பலிக்கும் இடையூறில்லை. நடுவராக நிற்க ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். மட்டைகளுக்குத்தான் பணம் திரட்டவேண்டும்; இளைஞர் இயக்கத்தார் முன்வந்தால் அதுவும் பெரிதன்று.

டொராண்டோப் பேரன் அடுத்த கோடைக்கு ஆழ்வார்திருநகரிக்கு வருகிறானாம். உள்ளூர்ப் பேரன் இப்பொழுதே அவனுக்கு எச்சரிக்கை எழுதியனுப்பியிருக்கிறான்: பனித்தளத்தில் மட்டையின் இருபக்கத்தாலும் அடிக்கலாம், இங்கே தட்டைப் பக்கத்தால் மட்டுமே அடிக்கவேண்டும், மறுபக்கம் பட்டால் நடுவர் ஊதிவிடுவார்.