கையெழுத்து அசல்தான்... ஆனா எப்போ போட்டது?

எரிக் ஹார்ட்மன், இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவான ஜெர்மன் விமானி. ஹிட்லர் அரசின் 'நைட்ஸ் கிராஸ்' பதக்கத்தை வைரங்களோடு வாங்கியவர். 1955-ல் சோவியத் சிறையிலிருந்து வெளியே வந்தார், இறந்தது 1993-ல். இடையில் கேட்டவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். அதனால போர்க்காலத்தில் போட்டதுக்குத்தான் மவுசு.

ஏமாத்து வேலையும் இங்கேதான். அட்டை பழசு, கையெழுத்து அசல், சொல்ற தேதி மட்டும் பொய்!

முதலில் மையைப் பாருங்க. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கே 1945 அக்டோபரில்தான் வந்தது. ஜெர்மனி மே மாதமே சரணடைந்துவிட்டது. அடுத்து புற ஊதா டார்ச். அந்த வெளிச்சத்தில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அது பின்னாளில் அச்சடித்த அட்டை.

பழைய அட்டையில் 1970-ல் ஊற்றுப்பேனாவால் போட்டிருந்தால்? ரெண்டு சோதனையிலும் தப்பிவிடும். அப்போ கூடவே வந்த கடிதம், தபால் முத்திரையோடு உறை இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா, போர்க்கால விலை கொடுக்காதீங்க.