வலியில்லாத கட்டி

விடியற்காலையில் கம்பம் சாலையோரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். தூக்குச் சட்டியும் கையுமாக ஸ்திரீகள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி மலையேறுகிறார்கள். பகலெல்லாம் ஏலத் தோட்டத்தில் வேலை. பொழுது சாய்ந்தால் வீட்டில் அடுப்பு. தங்கள் உடம்பைப் பற்றி இவர்கள் நினைப்பது எப்பொழுது? வலித்தால்தான் உண்டு.

மார்பகப் புற்றுநோயின் சூதே இங்குதான் இருக்கிறது. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. பட்டாணி போல ஒரு கட்டி, தோலில் ஒரு குழிவு, காம்பு உள்வாங்குதல், அதில் இரத்தக் கசிவு, அக்குளில் ஒரு கழலை, அறிகுறிகள் இவை போன்றவையே. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பது மெய். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். "தானாகக் கரைந்துவிடும்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் ஏறக்குறைய 1,92,000 ஸ்திரீகளுக்கு இந்நோய் கண்டது என்றும், 98,000 பேர் இதனால் மாண்டார்கள் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் மதிப்பிட்டிருக்கின்றனர்.

கூச்சமுள்ள பெண் இதை யாரிடம் முதலில் சொல்வாள்? புருஷனிடம் சொல்லத் தயங்குவாள், மாமியாரிடம் சொல்லமாட்டாள். வீட்டு வாசலுக்கு வரும் நர்ஸம்மாவிடம் ஒருவேளை சொல்வாள். ஆகவே அந்த நர்ஸம்மா எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது உயிர் போகிற விஷயம்.

இந்த அறிவின் பலன் மும்பையில் நிரூபணமாகியிருக்கிறது. 1998-ல் டாட்டா நினைவு வைத்தியசாலையார் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் ஸ்திரீகளைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினர். அவர்களில் ஒரு பாதியினரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் ஊழியர்களே. 2021-ல் முடிவு வெளியாயிற்று. நோய் முற்றுமுன் அகப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. அதற்கு உட்பட்ட வயதினரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய யந்திரம் ஏதுமில்லை. பழகிய விரல்களும் அறிந்த மனமும் போதுமானவையாக இருந்தன. முப்பது வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை செய்ய வேண்டுமென்று 2016-ல் இந்திய சர்க்கார் முறை வகுத்தார்கள். தேனியைத் தாண்டி கானாவிலக்கில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வாசலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பாலமாக நிற்பவர் நர்ஸம்மாதான்.

ஆனால் ஒன்று. ஊருக்கெல்லாம் சொல்லும் அந்தச் சகோதரி, தன்னைச் சோதித்துக்கொள்கிறாரா? அறிதல் வேறு, செய்தல் வேறு. அவருக்கும் வேலை ஓய்வதில்லை. அவருக்கும் கூச்சம் உண்டு.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை அவர் நெஞ்சுக்குள் பூட்டிவைக்கவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுப்பினார். நாம் வைத்தியசாலை கட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை நர்ஸம்மா வாசலுக்கு வரும்போது ஓர் உபசாரம் செய்வோம்: உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "அம்மா, நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்போம்.