குட்டிக் காருக்குள் ஒரு நிஜ இன்ஜின்!

பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, வண்ணம் பூசிச் செய்யும் மாடல் கார்களைப் பார்த்திருக்கிறீர்களா? கதவு, கண்ணாடி, ஸ்டியரிங் என்று எல்லாமே நிஜக் காரைப் போலவே இருக்கும். ஆனால், முன்பக்க பானட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்! சில கார்களில் அச்சு அசலாக ஒரு இன்ஜின் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் பெயருக்கு ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு இருக்கும். இன்னும் சிலவற்றில் பானட் திறக்கவே திறக்காது!

கடையில் பார்க்கும்போது எல்லாப் பெட்டிகளும் அழகாகத்தான் இருக்கும். உண்டியல் காசையும், பிறந்த நாளுக்குத் தாத்தா கொடுத்த பணத்தையும் சேர்த்து வாங்கிய பிறகு, 'ஐயோ, இன்ஜினே இல்லையே' என்று வருந்தினால் பயன் உண்டா? அதனால், நல்ல இன்ஜின் உள்ள மாடலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம், வாருங்கள்.

இன்ஜின் எப்போது வந்தது?

அமெரிக்காவில் 'ஏ.எம்.டி.' என்ற நிறுவனம் 1958-ல் 'ஒன்றில் மூன்று' கார் கிட்களை விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் உள்ள துண்டுகளைக் கொண்டு சாதாரணக் கார், அலங்காரக் கார், பந்தயக் கார் ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால், தொடக்கத்தில் வந்த அந்தக் கிட்களில் இன்ஜின் இல்லை. சில ஆண்டுகளிலேயே நிலைமை மாறியது. பானட் திறந்தது, இன்ஜினும் வந்தது. மீதமாகும் இன்ஜின் துண்டுகளைச் சிறுவர்கள் பத்திரப்படுத்தி, வேறு காரில் பொருத்தி மகிழ்ந்தார்கள்.

இன்றைக்கும் இன்ஜின் இல்லாத கிட்கள் நிறைய விற்கப்படுகின்றன. இவற்றை 'கெர்ப்சைடு' கிட் என்பார்கள். சாலையோரம் பானட்டை மூடி நிறுத்தி வைத்த கார் போன்றது என்று பொருள். அது மோசமான மாடல் அல்ல. வெளித்தோற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல மாடல்தான். இன்ஜின் வேண்டும் என்பவர்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

காரையே பிரித்த மாடல்காரர்!

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் உள்ள டாமியா நிறுவனம் மாடல் உலகில் மிகவும் புகழ்பெற்றது. 1970-களில் இந்த நிறுவனம் போர்ஷே காரை 12-ல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்ய விரும்பியது. ஷுன்சாகு டாமியா ஜெர்மனிக்குச் சென்று, போர்ஷே தொழிற்சாலையில் காரைப் படம் எடுத்து வந்தார். அந்தப் படங்கள் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே வாங்கி, அதைப் பிரித்துப் பார்க்க வைத்தார்! இப்படி உருவான போர்ஷே 934 மாடல் 1976-ல் வெளியானது.

போர்ஷே 911 காரில் இன்ஜின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 1998 வரை வந்த 911 கார்களின் இன்ஜின், காற்றால் குளிர்விக்கப்பட்டது. அதனால் நம் ஊர்க் கார்களில் பார்க்கும் தண்ணீர் ரேடியேட்டர் அவற்றில் கிடையாது. இதை அறியாதவர் மாடல் செய்தால், இல்லாத ரேடியேட்டரை எல்லாம் வைத்துவிடுவார்!

பெரிய நிறுவனத்துக்கே இந்த விதிதான். முதலில் நிஜ இன்ஜினைப் பார்க்க வேண்டும். பிறகுதான் மாடல் இன்ஜின். நமக்கும் அதே விதிதான். காரை வாங்கிப் பிரிக்க வேண்டாம். புத்தகத்திலோ இணையத்திலோ நல்ல படம் பார்த்தால் போதும்!

பிளக் எங்கே இருக்கிறது?

எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்காக, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இருந்தால் அதை 'வி-8' இன்ஜின் என்பார்கள். அமெரிக்கக் கார் மாடல்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஆனால், எல்லா வி-8 இன்ஜின்களும் ஒரே மாதிரி இருக்காது. பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

* ஃபோர்டு நிறுவனம் 1932-ல் கொண்டு வந்த வி-8 இன்ஜினின் தலைப்பகுதி தட்டையாக இருக்கும். பிளக்குகள் அதன் மேலேயே நிற்கும்.

* செவ்ரோலே 1955-ல் கொண்டு வந்த வி-8 இன்ஜினில் பிளக்குகள் பக்கவாட்டில், புகைக்குழாய்களை ஒட்டி இருக்கும்.

* கிரைஸ்லர் 1964-ல் பந்தயத்துக்காகக் கொண்டு வந்த '426 ஹெமி' இன்ஜினில் பிளக்கின் ஒயர்கள் அகலமான மூடியின் நடுவே உள்ளே போகும். அந்த ஆண்டு அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி வென்றது இந்த இன்ஜின் பூட்டிய காரில்தான்.

மாடலில் உள்ள இன்ஜின், இந்த அடையாளங்களைச் சரியாகக் காட்டுகிறதா? காட்டினால், அதைச் செய்தவர் நிஜ இன்ஜினைப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

பந்தி பரிமாறும் டிஸ்ட்ரிபியூட்டர்

கல்யாணப் பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் வரிசையாகப் பரிமாறுவார்கள் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்பொறியை அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. 1955-ல் வந்த அந்தச் செவ்ரோலே இன்ஜினில் இது பின்பக்கம் இருக்கும். 1960-களின் ஃபோர்டு மஸ்டாங் காரில் இருந்த '289' இன்ஜினில் இது முன்பக்கம் இருக்கும். இடம் மாறியிருந்தால் மாடல் தவறு!

இதன் மூடியிலிருந்து எத்தனை ஒயர்கள் போகும்? வி-8 இன்ஜினுக்கு 9. எட்டு பிளக்குகளுக்கு எட்டு, காயிலிலிருந்து வருவது ஒன்று. பெரும்பாலான கிட்களில் இந்த ஒயர்கள் இருக்காது. நாமே மெல்லிய கம்பியால் போட்டுக் கொள்ள வேண்டும். கைதேர்ந்தவர்கள் பொறி போகும் வரிசையைக்கூட விட மாட்டார்கள். அந்தச் செவ்ரோலே இன்ஜினுக்கு அந்த வரிசை 1-8-4-3-6-5-7-2.

இப்போதைய பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியே காயில் இருக்கிறது. அவற்றில் இந்த ஒயர்களே கிடையாது. ஆகவே, புதிய கார் மாடலில் ஒயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கார் மாடல்களில் 24-ல் ஒரு பங்கு, 25-ல் ஒரு பங்கு என்ற இரண்டு அளவுகள் அதிகம். நிஜ பிளக் ஒயரின் கனம் 8 மி.மீ. என்றால், 25-ல் ஒரு பங்கு மாடலில் அது 0.32 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குப் பதில் 1 மி.மீ. கம்பியைப் போட்டால்? அது 25 மி.மீ. கனமுள்ள தண்ணீர்க் குழாயை இன்ஜினில் சுற்றியது போலாகிவிடும்!

வேறொரு பெட்டியிலிருந்து இன்ஜினை எடுத்துப் பொருத்தும்போதும் அளவைக் கவனிக்க வேண்டும். 70 செ.மீ. நீள இன்ஜின், 25-ல் ஒரு பங்கில் 28 மி.மீ. ஆகும், 24-ல் ஒரு பங்கில் 29 மி.மீ.-க்குச் சற்று அதிகம். 'ஒரு மி.மீ.தானே' என்று நினைக்காதீர்கள். பானட் மூடாமல் போவதற்கு அந்த ஒரு மி.மீ. போதும்!

வருடம் சரிதானா?

பழைய கார்களில் மின்சாரம் தயாரிக்க டைனமோ இருந்தது. அது நீண்ட உருளை போல இருக்கும். பிறகு வந்த ஆல்டர்னேட்டர் குட்டையாக, குண்டாக இருக்கும். செவ்ரோலே கார்களுக்கு இது 1963-ல்தான் வந்தது. 1957 செவ்ரோலே மாடலில் ஆல்டர்னேட்டர் இருந்தால், ராஜராஜ சோழன் கையில் செல்போன் கொடுத்தது போலத்தான்!

பெட்டியை எடுக்கும் முன்...

* பெட்டியின் முன்பக்கப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் உள்ள சிறிய படங்களைப் பாருங்கள். செய்து முடித்த மாடலின் இன்ஜின் அதில் இருக்கிறதா?

* கார்புரேட்டர், விசிறி, பெல்ட், செல்ப் மோட்டார், டைனமோ ஆகியவை தனித்தனித் துண்டுகளாக இருந்தால் நல்லது. எல்லாம் ஒரே கட்டியாக இருந்தால் வண்ணம் பூசுவதும் சிரமம்.

* இன்ஜின் முழுக்கப் பளபளவென்று குரோமியம் பூச்சு இருந்தால் மயங்க வேண்டாம். நிஜத்தில் இன்ஜினின் உடல் பகுதிக்கு வண்ணம்தான் பூசியிருப்பார்கள். 1960-களில் செவ்ரோலே வி-8 இன்ஜின்களின் நிறம் ஆரஞ்சு. 1966 முதல் ஃபோர்டு இன்ஜின்களின் நிறம் நீலம்.

* முதல் மாடல் செய்பவர்கள், துண்டுகள் குறைவாக உள்ள இன்ஜினையே தேர்ந்தெடுங்கள். நூறு துண்டுகளைப் பாதியில் விடுவதைவிட, இருபது துண்டுகளை ஒழுங்காக ஒட்டி முடிப்பது மேல்.

* கத்தி, பசை, பெயின்ட் ஆகியவற்றைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கிட் வாங்க இப்போது வசதி இல்லையா? கவலையே வேண்டாம். வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், இன்ஜின் நின்று நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறந்து காட்டும்படி பெரியவர்களிடம் கேளுங்கள். எதையும் தொடாமல் பார்த்து, ஒரு தாளில் வரையுங்கள். பேட்டரி எங்கே, ரேடியேட்டர் எங்கே, பெல்ட் எதைச் சுற்றுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணை எந்தப் பெட்டிப் படமும் ஏமாற்ற முடியாது!

கடைசியாக ஒரு கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜினில், அதன் மூடியில் எத்தனை ஒயர்கள் இருக்கும்?

(விடை: 7. பிளக்குகளுக்கு 6, காயிலிலிருந்து வருவது 1.)