ஓரமாகப் போனால் மட்டும் போதாது

ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சோலார் கூரையின் நிழலில் 23 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் திறந்தார்கள். நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாடமி வரை ஒரு பகுதி, நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை இன்னொரு பகுதி. நல்ல காரியம்தான். ஆனால் டியூட்டிக்குக் கிளம்பும் வாட்ச்மேனும் கேரியரில் பால் பாக்கெட் கட்டியவரும் மிதிப்பது அமீர்பேட்டையிலும் குகட்பள்ளியிலும். கார்களுக்கு நடுவே தினமும் உயிரைப் பிடித்துக்கொண்டு போவது அவர்கள்தான்.

"ஓரமாப் போ" என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். பாதி ஆபத்து அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நிற்கும் காரின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் சாலைக்குள் நீளும். டிரைவர் உட்காருவது வலப்பக்கம், சைக்கிள் கடப்பதும் அதே பக்கம். அதனால் ஒரு மீட்டருக்கு மேல் இடம் விட்டே கடக்க வேண்டும். சீட்டில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். காரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வலப்பக்கக் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். நெதர்லாந்தில் இப்படித்தான் பழக்குகிறார்கள்.

சிக்னலில் பஸ், லாரியின் இடப்பக்கச் சந்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். அது இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்வாங்கி வரும். டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், அரை நிமிடம்தானே போகும்.

மெட்ரோ தூண்கள் இன்னொரு சிக்கல். யூ-டர்ன் எடுக்கும் கார் தூண் மறைவிலிருந்து திடீரென்று தலைகாட்டும். தூண்களுக்கு நடுவே யூ-டர்ன் இடைவெளி வருவதற்கு முன்பே பிரேக்கில் விரல் இருக்கட்டும். யூ-டர்ன் தூரம் என்பதற்காக ராங் சைடில் போகிறவர்கள் இங்கே ஏராளம். அலுப்பு புரிகிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள். கார் 40 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 15. ஒரே திசையில் போனால் வேக வித்தியாசம் 25தான். எதிரே போனால் 55. தவிர, கிளைச் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். நீங்கள் வருவது அவருடைய இடப்பக்கத்திலிருந்து.

திரும்புமுன் தோளுக்கு மேல் பார்த்து, கையை முழுதாக நீட்டுங்கள். பள்ளத்துக்கு ஒதுங்குவதானால் கடைசி நொடியில் வெட்டாமல், சற்று முன்பே மெல்ல விலகுங்கள். இருட்டு விழுந்தால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மழை பெய்யும் மாலையில் வைப்பர் அடிக்கும் கண்ணாடி வழியே டிரைவருக்குத் தெரிவது அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும்தான்.