கோமுகி ஆயக்கட்டும் கல்வராயன் கொல்லையும்

கச்சிராயபாளையத்தில் சம்பாவுக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் கோமுகி அணைப் பக்கம் போயிருப்பீர்கள். மதகைத் தூக்கியதும் பூத் தூவுவார்கள், நாமும் கும்பிட்டுவிட்டு வயலுக்குத் திரும்புவோம். அடுத்த முறை வேறொரு நாளில் போங்கள். மலையில் கனமழை கொட்டிய மறுநாள் அணைக்கு வந்து சேருகிற தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். காவி கரைத்ததுபோல இருக்கும். அது மேலே யாரோ ஒருவர் கொல்லையின் மேல்மண்.

கோமுகி அணை 1965-ல் பயன்பாட்டுக்கு வந்தது. உயரம் 46 அடி, பாதுகாப்புக்காக 44 அடி வரை நிறுத்துகிறார்கள். கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி, பாசனம் பெறுவது 10,860 ஏக்கர். கல்படை, பொட்டியம் போன்ற மலை ஓடைகள்தான் இதற்குத் தாய். வடக்கனந்தல் பேரூராட்சிப் பகுதியின் நெல், கரும்பு, கச்சிராயபாளையத்தில் இருக்கிற கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரவை, அதை நம்பிய வெட்டுக்கூலி, டீக்கடை வரை எல்லாமே மலையில் பெய்கிற மழையோடு கட்டப்பட்டவை. ஆனால் அந்த மலையில் யார், என்ன பயிர் செய்கிறார்கள் என்று அடிவாரத்தில் நாம் பெரிதாகக் கேட்பதில்லை. கரியாலூர், வெள்ளிமலை என்றால் அருவிக்கும் கோடை விழாவுக்கும் போகிற ஊர், அவ்வளவுதான்.

அங்கே இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இந்த மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் அரசு அதைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். இந்தத் தேதிகளைச் சும்மா சொல்லவில்லை, பட்டா பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அந்த நாளில் மலையின் பயிர் சாமை, தினை, கேழ்வரகு. கூடவே துவரை, மொச்சை. ஒரு வீட்டு விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊரே மாற்றாளாக வந்து நிற்கும். தானியம் தொம்பைக்குள் போகும். மூங்கில் பின்னி மண் பூசிய அந்தத் தொம்பையில் வீட்டுச் சாப்பாடும் அடுத்த ஆண்டு விதையும் சேர்ந்தே இருக்கும். இப்போது வெள்ளிமலைச் சாலையில் பாருங்கள், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள். சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகின்றன. மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்து விலை போடுகிறார்கள்.

மலை விவசாயி ஏன் மாறினார் என்று குறை சொல்வது சுலபம். சாமையை உரலில் குத்தி உமி நீக்கிய பெண்களின் தோள்வலியை எண்ணிப் பார்த்தால் அந்தக் குறை வாயில் வராது. மரவள்ளிக்கு வியாபாரி தேடி வருகிறார், கையில் பணம் கிடைக்கிறது, பிள்ளையைப் படிக்க வைக்க முடிகிறது. எங்களைப் போன்ற வேளாண் விஞ்ஞானிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ரகம் சொன்னோம், உர அளவு சொன்னோம். சரிவு நிலத்தில் இதை எப்படி நடுவது என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை.

சிக்கல் பயிரில் இல்லை, அது நிலத்தை மூடுகிற காலத்தில் இருக்கிறது. சாமை நெருக்கமாக முளைத்துச் சில வாரங்களிலேயே தரையை மறைத்துவிடும். மரவள்ளியை இரண்டடி, மூன்றடி இடைவெளியில் நடுகிறோம். முதல் மூன்று மாதம் இடையில் வெறும் மண்தான். அறுவடையின்போதோ கிழங்கோடு நிலத்தையே கிளறி எடுக்கிறோம். பொலபொலவென்று கிடக்கும் அந்த மண்ணில் கோடை மழை விழுகிறது. சரிவுக்கு நேராக மேலிருந்து கீழே உழுதிருந்தால் ஒவ்வொரு உழவுச் சாலும் ஒரு வாய்க்கால். ஒரு ஏக்கரில் வெறும் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 டன். நாலணா நாணயத்தின் கனம்கூட இல்லை என்பதால் கண்ணுக்குத் தெரியாது. போட்ட தொழு உரமும் அதோடு போகும். மேலே கொல்லை மெலிய மெலிய, கீழே அணையில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் நிற்கும்.

மரவள்ளியை விட வேண்டியதில்லை. குறுக்கே நட வேண்டும். அதற்கு மட்டம் பார்க்க என்ஜினீயர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏழடி மூங்கில் இரண்டு, நாலடி மூங்கில் ஒன்று, கயிறு, ஒரு கல் போதும். நீள மூங்கில்களின் தலையைச் சேர்த்துக் கட்டிக் கால்களை அகட்டுங்கள். குட்டை மூங்கிலை நடுவில் குறுக்கே கட்டுங்கள். தலையிலிருந்து கல்லைக் குறுக்குக் கம்புக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். இப்போது இதை நிறுத்தி, கால் பட்ட இரண்டு இடத்திலும் முளை அடியுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டக்கோடு. இனி கயிறு அந்தக் கோட்டில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக் கொல்லையைக் குறுக்காகக் கடந்தால், நீங்கள் முளை அடித்த வரிசை சமமட்ட வரிசை. நிலம் உங்கள் தோள் உயரத்துக்கு இறங்கிய இடத்தில் அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளும்.

அந்த வரிசையில் நிலத்தில் பொறுக்கிய கல்லை வரப்பாக வையுங்கள். கல் இல்லையென்றால் வெட்டிவேர் நாற்றை அரைச் சாண் இடைவெளியில் நடுங்கள். மாடு இருந்தால் கம்பு நேப்பியர் புல். வரப்பின் மேல்பக்கம் துவரை. மரவள்ளிக்கு இடையில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் அந்த முதல் மூன்று மாத வெறுமை தீரும், பருப்பும் வீட்டுக்கு வரும்.

கொல்லையில் ஒரு பங்கையாவது சாமைக்கு விடுங்கள் என்று சொல்வேன். 2019-ல் வெளியான அத்தியந்தல் 1 சாமை 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். உமி நீக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை மாவுப்பூச்சி காட்டிவிட்டதே. 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் மாவட்டங்களுக்கும் பரவியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட வேண்டி வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி நியாயமாக வரும். தனக்குச் சொந்தம் என்று காகிதம் இல்லாத நிலத்தில் ஒருவர் ஏன் கல் வரப்புக் கட்டுவார், ஏன் பத்து ஆண்டு கழித்துக் காய்க்கும் மரம் வைப்பார்? ஆறு மாதத்தில், பத்து மாதத்தில் பணமாகிற பயிரைத்தான் வைப்பார். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேருக்கு மிகாமல், தான் அனுபவித்துவரும் நிலத்துக்கு உரிமை கேட்கலாம். மனு போக வேண்டிய முதல் இடம் கிராம சபை. விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை மலைக்குப் போகும்போது விதைப் பையோடு அந்த மனுப் படிவத்தையும் எடுத்துப் போங்கள். மண் பாதுகாப்புப் பணிதான் அதுவும்.

ஆயக்கட்டுக்காரர்களுக்கும் வேலை உண்டு. வெட்டிவேர் நாற்று சமவெளியில் எளிதாகப் பெருகும். வாய்க்கால் கரையில் வளர்த்து, பாசன சங்கத்தின் பெயரில் ஒரு வண்டி மேலே அனுப்புங்கள். வரப்புக் கட்டுகிற கூலிக்கு, பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் மண், நீர் பாதுகாப்பு வேலை செய்ய நூறு நாள் வேலைத் திட்டம் இடம் கொடுத்திருந்தது. ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள்.

தை, மாசியில் கிழங்கு பிடுங்கி நிலம் வெறுமையாக இருக்கும்போது மட்டக்கோடு போடுங்கள். கல் வரப்பைச் சித்திரை மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். வெட்டிவேர் நட ஆடி ஈரம் போதும்.