விண்வெளியில் ஆயுதத் தடை

விண்வெளியில் ஆயுதத் தடை என்பது, பூமியைச் சுற்றும் பாதைகளிலும் நிலவு முதலிய விண்பொருட்களிலும் ஆயுதங்களை நிறுத்தாமல் இருக்க நாடுகள் செய்துகொண்ட உடன்பாடுகளையும், அவற்றை விரிவாக்க நடந்துவரும் பேச்சுகளையும் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமாகும். அது எல்லா ஆயுதங்களையும் விண்வெளியிலிருந்து விலக்கிவிட்டது எனப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. சுற்றுப்பாதையைப் பொறுத்தவரை, அணு ஆயுதம் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களை மட்டுமே அது தடைசெய்கிறது. மற்ற ஆயுதங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த விடுபாடே பின்னர் எழுந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

ஹவாயில் அணைந்த விளக்குகள்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, செயற்கைக்கோளைத் தூக்கிச் செல்லும் ஏவூர்தியால் அணுகுண்டையும் தூக்கிச் செல்ல முடியும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. விண்வெளியை அமைதிவழியில் பயன்படுத்துவது குறித்து ஆராய ஐ.நா. அடுத்த ஆண்டே ஒரு குழுவை அமைத்தது. ஆனால் வல்லரசுகளை உண்மையில் யோசிக்க வைத்தது ஒரு வெடிப்பு.

1962 சூலை 9 அன்று அமெரிக்கா, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஜான்ஸ்டன் தீவுப் பகுதியில் சுமார் 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் ஆற்றல் கொண்ட அணுகுண்டை வெடித்தது. ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ என்பது அச்சோதனையின் பெயர். ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவிலுள்ள ஹவாயில் இரவு வானம் நிறம் மாறியது. வெடிப்பால் உண்டான மின்காந்தத் துடிப்பால் தெருவிளக்குகள் சில அணைந்தன. அதைவிடப் பெரிய பாதிப்பு மேலே நிகழ்ந்தது. வெடிப்பில் வெளியான எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொண்டு, ஒரு செயற்கைக் கதிர்வீச்சு வளையமாகத் தங்கிவிட்டன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 அதனால் பழுதடைந்தது. வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்னும் அமெரிக்கத் தகவல்தொடர்புக் கோளும் தப்பவில்லை. குண்டு வெடித்த நாட்டின் கோளையும் நட்பு நாட்டின் கோளையும் அந்த வளையம் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. 1963இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனை நடத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானது. சுற்றுப்பாதையில் அணு ஆயுதங்களை வைக்க வேண்டாம் என ஐ.நா. பொதுச்சபையும் அவ்வாண்டு அக்டோபரில் கேட்டுக்கொண்டது.

ஒப்பந்தம் சொல்வதும் சொல்லாததும்

விண்வெளி ஒப்பந்தம் 1967 சனவரி 27 அன்று வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ ஆகிய மூன்று நகரங்களிலும் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்களாக உள்ளன. இந்தியாவும் இலங்கையும் 1967இலேயே கையெழுத்திட்டன.

ஆயுதங்களைப் பற்றிப் பேசுவது இதன் நான்காம் பிரிவு. அது இரண்டு பகுதிகளைக் கொண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சிக்கல் தெரியும். முதற்பகுதி, பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையிலோ விண்பொருட்களிலோ நிறுத்தக் கூடாது என்கிறது. இரண்டாம் பகுதி நிலவுக்கும் மற்ற விண்பொருட்களுக்கும் மட்டும் உரியது. அங்கே படைத்தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி எதுவும் கூடாது. அவை முழுக்க அமைதி நோக்கங்களுக்கே பயன்பட வேண்டும். ஆகவே நிலவில் ஒரு பீரங்கியைச் சோதித்துப் பார்ப்பது ஒப்பந்த மீறல். அதே பீரங்கியைச் சுற்றுப்பாதையில் வைத்துச் சுட்டால் மீறல் இல்லை.

இது வெறும் கற்பனை அன்று. 1974இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சல்யூத்-3 விண்வெளி நிலையத்தில் ஒரு துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்தது. வீரர்கள் வெளியேறிய பின், 1975இல் தரையிலிருந்து கட்டளையிட்டு அது சுடப்பட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும் விண்வெளி வழியாகவே செல்கின்றன. அவை சுற்றுப்பாதையில் நிறுத்தப்படாமல் கடந்து மட்டும் போவதால் தடைக்குள் வருவதில்லை. 1960களில் சோவியத் ஒன்றியம் ஒரு முழுச் சுற்றை முடிக்கும் முன்பே கீழிறங்கும் ஆயுதம் ஒன்றைச் சோதித்தது. அப்போது அமெரிக்காவே அதை ஒப்பந்த மீறல் என்று கூறவில்லை.

‘அமைதி நோக்கம்’ என்ற சொல்லுக்கும் ஒரே பொருள் இல்லை. படை சார்ந்த எதுவும் கூடாது என்பது ஒரு வாசிப்பு. தாக்குதல் மட்டும் கூடாது என்பது மற்றொன்று. நடைமுறையில் நிலைத்தது இரண்டாவது வாசிப்பே. உளவுக் கோள்கள் இதனால் பிழைத்தன, அது நல்லதாகவும் போயிற்று. எதிரியின் ஏவுகணைகளை மேலிருந்து எண்ணிப் பார்க்க முடிந்திராவிட்டால், 1972இன் ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாடுகளுக்கு இரு வல்லரசுகளும் இசைந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

சிதறல்கள்

1985இல் அமெரிக்கா போர் விமானம் ஒன்றிலிருந்து ஏவுகணை செலுத்தித் தன் சொந்தக் கோளை உடைத்தது. சீனா 2007 சனவரி 11 அன்று ஃபெங்யுன்-1சி என்னும் தன் பழைய வானிலைக் கோளைச் சுமார் 860 கி.மீ. உயரத்தில் தகர்த்தது. கண்காணிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகளே 3,000க்கும் மேல் சிதறின. காற்றின் தடை மிகக் குறைந்த உயரம் அது. அங்கிருந்து துண்டுகள் கீழே விழப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் பொருட்கள் நொடிக்கு 7 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் செல்வதால், ஒரு சிறு துண்டும் ஒரு கோளை முடக்கப் போதும். புயலையும் பயிர்ப் பரப்பையும் கடல் நிலையையும் கண்காணிக்கும் பல நாட்டுக் கோள்கள் இந்த உயரங்களில்தான் சுற்றுகின்றன.

இந்தியாவின் கதை தும்பாவில் தொடங்குகிறது. 1963இல் முதல் ஆய்வு ஏவூர்தி பறந்த அந்த ஏவுதளம், 1968இல் எல்லா நாட்டு அறிவியலாளர்களின் பயன்பாட்டுக்குமென ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 மார்ச் 27 அன்று அதே நாடு ‘மிஷன் சக்தி’ சோதனையில் தன் கோளொன்றை ஏவுகணையால் தகர்த்து, இத்திறன் பெற்ற நான்காவது நாடானது. சிதறல்கள் விரைவில் எரிந்துவிட வேண்டும் என்பதற்காகவே சுமார் 300 கி.மீ. என்ற தாழ்ந்த உயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரும்பாலானவை அவ்வாறே எரிந்தன. எனினும் சில துண்டுகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டிச் சென்றதாக நாசா தெரிவித்தது. 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ்-1408 கோளை உடைத்தபோது அந்நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்ய வீரர்கள் உட்பட, தங்கள் விண்கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது.

முடியாத பேச்சு

விண்வெளி ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானங்களை ஐ.நா. பொதுச்சபை 1981 முதல் நிறைவேற்றி வருகிறது. ஒப்பந்தமாக எழுத வேண்டிய இடம் ஜெனிவாவிலுள்ள ஆயுதக் குறைப்பு மாநாடு. அங்கே 65 உறுப்பு நாடுகளும் இசைந்தால்தான் எதுவும் நகரும். ரஷ்யாவும் சீனாவும் 2008இல் ஒரு வரைவை அங்கு முன்வைத்து, 2014இல் திருத்தின. தரையிலிருந்து ஏவி விண்கோளைத் தாக்கும் ஆயுதங்களை அது விட்டுவிடுகிறது, சரிபார்க்கும் வழியும் அதில் இல்லை என்று அமெரிக்கா மறுத்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் விண்வெளி ஆயுதம் எது என்பதை வரையறுப்பது எந்த நாட்டுக்கும் எளிதன்று. பழுதான கோளைப் பிடித்துச் சரிசெய்யும் இயந்திரக் கையால், நன்றாக இயங்கும் கோளின் அலைவாங்கியையும் ஒடிக்க முடியும்.

அதனால் பொருளை விட்டுச் செயலைத் தடைசெய்யும் முயற்சி எழுந்தது. ஏவுகணையால் கோள்களை அழிக்கும் சோதனைகளை நடத்துவதில்லை என 2022 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பொதுச்சபையும் அதே வேண்டுகோளை 155 வாக்குகளுடன் ஏற்றது. 9 நாடுகள் எதிர்த்தன. ரஷ்யாவும் சீனாவும் அவற்றுள் அடங்கும். இந்தியா வாக்களிப்பிலிருந்து விலகி நின்றது.

அணு ஆயுதம் பற்றிய பழைய தடையும் மீண்டும் விவாதத்துக்கு வந்துள்ளது. சுற்றுப்பாதைக்கான அணு ஆயுதத்தை ரஷ்யா உருவாக்கி வருவதாக 2024இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது, ரஷ்யா மறுத்தது. விண்வெளியில் அணு ஆயுதம் வைப்பதில்லை என்ற கடமையை உறுதிசெய்யும் வரைவை அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுவந்தன. ஏப்ரல் 24 அன்று 13 நாடுகள் ஆதரித்தும், ரஷ்யா தன் வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தது, சீனா வாக்களிக்கவில்லை. எல்லா வகை ஆயுதங்களுக்கும் தடை கோரி ரஷ்யா அடுத்த மாதம் கொண்டுவந்த வரைவுக்கு ஆதரவாக 7, எதிராக 7 வாக்குகள் விழுந்தன. ஒரு நாடு விலகி நின்றது. தேவையான 9 வாக்குகள் கிடைக்காமல் அதுவும் தோற்றது.